பென்ஸ் காரைக் கெடுக்கும் வேப்பிலை!

எதில் கை வைக்கலாம்? எதைத் தொடவே கூடாது? பழைய சொகுசுக் கார் வாங்கியவர்கள் கவனிக்க!

பென்ஸ் கார் வாங்குவது இப்போது பெரிய விஷயம் இல்லை. வாங்கிய காரை வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரிய விஷயம்!

ஒரு காலத்தில் சினிமா நட்சத்திரங்களும் மில் முதலாளிகளும் மட்டுமே ஏறிய கார் அது. இன்று பதினைந்து, இருபது வருஷம் ஓடிய பென்ஸ், புதிய சின்னக் கார் ஒன்றின் விலைக்கே கிடைக்கிறது. சில சமயம் அதைவிடக் குறைவாகவும் கிடைக்கிறது. கடை வைத்திருப்பவர், கம்பெனியில் கணக்கு எழுதுபவர் என்று பலரும், "நாமும் ஒரு பென்ஸ் ஓட்டித்தான் பார்ப்போமே" என்று துணிந்து வாங்கி விடுகிறார்கள்.

கார் விலைதான் இறங்கியதே தவிர, ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. முதல் பில் கைக்கு வந்ததும்தான் வாங்கியவருக்கு நெஞ்சு அடைக்கிறது. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதைதான்!

பில்லைப் பிரித்துப் பார்த்தால் மாற்றிய சாமான் சிறியதாக இருக்கும். கூலி பெரியதாக இருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். "இதை நாமே செய்தால் என்ன?" என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பேனரும் கையுமாக இறங்கி விடுகிறார்கள்.

அதில் பாதி நல்ல காரியம். மீதிப் பாதி விரலுக்கும் உயிருக்கும் ஆபத்து. எது எந்தப் பாதி என்று தெரியாமல் இறங்குவதுதான் வினை.

அம்பாசிடர் வேறு, பென்ஸ் வேறு

2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரை, நாலு ஸ்பேனரும் ஒரு துண்டுக் கம்பியும் இருந்தால் நடுரோட்டில் வைத்தே ஓட வைத்துவிடலாம். அந்தப் பழக்கத்தில் பென்சைத் தொட்டால் வம்பு.

பென்ஸ் கார்கள் இந்தியாவில், புனேயில், 1995 முதல் பூட்டப்பட்டு வருகின்றன. பழைய கார் சந்தையில் இன்று அதிகம் கை மாறுகிறவற்றில் ஒன்று, மெக்கானிக்குகள் "211" என்று நம்பர் சொல்லியே அழைக்கும் இ-கிளாஸ் கார். 2002-ல் வெளிவந்து 2009 வரை தயாரானது. இந்த ஒரு காரை எடுத்துக்கொண்டால் போதும். மற்ற சொகுசுக் கார்களின் குணமும் விளங்கிவிடும்.

இதில் பிரேக், கியர், விளக்கு, கதவு, பாட்டுப்பெட்டி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கண்ட்ரோல் யூனிட் உண்டு. எல்லாம் ஒயர் மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒன்றுக்குச் சளி பிடித்தால் பத்து தும்மும்!

இலையால் வரும் வினை

முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின்ஓரத்தில், மழைத் தண்ணீர் இறங்குவதற்கு ஒரு பள்ளமும் வடிகால் துவாரமும் இருக்கின்றன. வேப்பமரத்தடியிலோ தூங்குமூஞ்சி மரத்தடியிலோ காரை நிறுத்தினால், உதிரும் இலையும் பூவும் இந்தப் பள்ளத்தில்தான் போய்ச் சேரும். நாளடைவில் அது மக்கிச் சேறாகித் துவாரத்தை அடைத்துவிடும்.

அடுத்த பெருமழையில் தண்ணீர் வடிய வழி இல்லை. பள்ளம் நிரம்பி, ஏ.சி. காற்று இழுக்கும் வழியாகக் காருக்குள் இறங்கும். பக்கத்தில் உள்ள மின்சாரப் பெட்டியையும் நனைக்கும். வைப்பர் தானாக ஓடும், விளக்கு தானாக எரியும், கார் ஸ்டார்ட் ஆகாது. "பேய் பிடித்த கார்" என்று விற்கப்படும் கார்களில் பலவற்றுக்குப் பிடித்தது பேய் அல்ல, தண்ணீர்!

இதற்கு மருந்து, மாதம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து கையாலேயே இலைகளை அள்ளிப் போடுவதுதான். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். கீழே தரையில் வடிந்தால் சரி. தேங்கி நின்றால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

கூரையில் திறக்கும் கண்ணாடி உள்ள கார்களுக்கும் இதே கதைதான். அதன் மூலைகளில் மெல்லிய வடிகால் குழாய்கள் இருக்கின்றன. அவை அடைத்தால் தலைக்கு மேல் துணி நனையும், காலடிக் கம்பளம் ஊறும். அடைப்பை எடுக்கிறேன் என்று பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்றை அடிக்கக்கூடாது. உள்ளே குழாய் கழன்றுகொண்டால் கூரைத் துணியையே பிரிக்க நேரிடும். தூண்டில் போடும் நைலான் நரம்பை மெதுவாக விட்டு ஆட்டினால் போதும்.

முதலில் பேட்டரி, பிறகு மற்றது

சொகுசுக் காருக்கு மின்சாரம்தான் ரத்தம். பேட்டரி களைத்தால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரியும். பயந்துபோய் பெரிய சாமான்களை மாற்றி ஏமாந்தவர்கள் உண்டு.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். ராத்திரி முழுவதும் நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சோர்ந்துவிட்டது. என்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் குற்றவாளி பேட்டரி அல்ல, அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் பக்கம் தேட வேண்டும்.

211 காரில் பெரிய பேட்டரி டிக்கியில், தரைக்கு அடியில் இருக்கிறது. பேட்டரி செத்தால் ரிமோட்டுக்கு டிக்கி திறக்காது. பதற வேண்டாம். ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. வேறு பேட்டரியில் இருந்து மின்சாரம் கொடுக்க பானெட்டுக்கு உள்ளேயே இணைப்பு முனையும் இருக்கிறது. பூட்டை உடைத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

ஸ்கேனர் ஜோசியம்

போனோடு இணைத்துக் காரின் கோளாறைப் படிக்கும் சின்ன ஸ்கேனர் இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அது சொல்வதை ஜோசியம் போல அப்படியே நம்பக்கூடாது.

"பி 0300" என்று வந்தால், என்ஜினில் எரிதல் தவறுகிறது என்றுதான் பொருள். பிளக்கா, காயிலா, காற்றுக் கசிவா, பெட்ரோல் வரவில்லையா என்பதை அது சொல்லாது. ஸ்கேனர் தெருவைத்தான் காட்டும். வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது மனுஷன் வேலை. தவிர, மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் என்ஜின் விவரத்தை மட்டுமே படிக்கும். பிரேக், ஏர்பேக் கோளாறு அவற்றின் கண்ணில் படாது. "ஸ்கேனரில் ஒன்றும் காட்டவில்லை சார்" என்று புரோக்கர் சொன்னால் ஏமாந்துவிட வேண்டாம்.

வளையம் சிறிது, சேதம் பெரிது

இந்தக் கார்களில் பலவற்றில் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் போகும் ஒயர் இணைப்பில் ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷும், அதில் ரப்பர் வளையங்களும் உண்டு. வருஷக்கணக்கில் சூடு பட்டு வளையம் இறுகிப்போனால், கியர் ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசியும்.

கீழே மட்டும் கசிந்தால் பரவாயில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, ஒயருக்கு உள்ளேயே ஏறி, கியரை நடத்தும் கண்ட்ரோல் யூனிட் வரைக்கும் போய்விடும். அப்புறம் கியர் சிக்கும், வண்டி ஒரே கியரில் நின்றுவிடும். "கியர் பாக்ஸ் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். கோளாறின் ஆரம்பம் அந்தச் சின்ன வளையம்தான்.

இதை மாற்ற கியர் பெட்டியைக் கழற்றவே வேண்டியதில்லை. ஆனால் காருக்கு அடியில் போக வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்து, "முதலில் இந்த இணைப்பைப் பாருங்கள்" என்று சொன்னாலே பெரிய செலவு மிச்சம்.

என்ஜின் ஆயில் மாற்றும் வேலை இன்னும் சுலபம். ஆயில் அளவு பார்க்கும் குழாய் உள்ள என்ஜின்களில், அதன் வழியாகவே பழைய ஆயிலைக் கைப்பம்பால் உறிஞ்சி எடுத்துவிடலாம். பில்டரும் மேலேயே இருக்கிறது. காருக்கு அடியில் போக வேண்டிய அவசியமே இல்லை. டப்பாவில் போட்டிருக்கும் தர நம்பரைக் காரின் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து வாங்குவதுதான் முக்கியம்.

இதற்கு முந்தைய 124 மாடல் வாங்குகிறவர்கள் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1990-களின் முற்பகுதியில் வந்த அந்தக் கார்கள் பலவற்றில் என்ஜின் ஒயர்களின் மேலுறை சூட்டில் அப்பளம்போல் நொறுங்கும். உள்ளே செம்புக் கம்பிகள் ஒன்றோடு ஒன்று உரசி, கண்ட்ரோல் யூனிட்டையே பழுதாக்கிவிடும். இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்ற முடியாது. ஒயர்க்கட்டு முழுவதையும் மாற்றுவது ஒன்றே வழி.

இவற்றைத் தொடாதே!

இனி ஆபத்தான பாதி.

முதலாவது பிரேக். சாதாரணக் காரில் பிரேக் பேட் மாற்றுவது பலரும் வீட்டிலேயே செய்கிற வேலைதான். ஆனால் 2006 வரை வந்த 211 கார்களில் மின்சாரப் பிரேக். காலால் மிதிப்பதைக் கம்ப்யூட்டர் படித்து, தனிப் பம்பு மூலம் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கிறது.

கதவைத் திறந்தாலோ ரிமோட்டை அழுத்தினாலோ போதும், அந்தப் பம்பு விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றும். பேட்டைக் கழற்றிவிட்டு உள்ளே விரலை வைத்திருக்கும் நேரத்தில், குழந்தை வந்து கார்க் கதவைத் திறந்தால் விரல் நசுங்கிவிடும்! கம்பெனி ஸ்கேனர் மூலம் பிரேக்கைத் தூங்க வைத்த பிறகுதான் சக்கரத்தையே கழற்ற வேண்டும்.

இந்தப் பிரேக் சம்பந்தமாக 2004-ல் உலகம் முழுவதும் சுமார் 6 லட்சத்து 80 ஆயிரம் கார்களைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. 2006-ல் இ-கிளாஸ் காரில் இந்த முறையையே கைவிட்டு, பழையபடி சாதாரணப் பிரேக்குக்குத் திரும்பிவிட்டது.

பம்பு எத்தனை தடவை வேலை செய்தது என்று கார் கணக்கு வைத்திருக்கும். ஆயுள் முடிந்தால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். சிலர் லேப்டாப்பை மாட்டி அந்தக் கணக்கைப் பூஜ்யமாக்கி காரை விற்றுவிடுகிறார்கள். எச்சரிக்கை மறையும். பம்பு புதிதாகிவிடாது! அது நின்றுபோனால் முன்சக்கரங்களில் மட்டும்தான் பிரேக் பிடிக்கும். அதுவும் காலால் ஓங்கி மிதித்தால்தான்.

இரண்டாவது டீசல் குழாய். பழைய டீசல் வண்டிகளில் "ஏர் எடுக்கிறேன்" என்று என்ஜின் ஓடும்போதே குழாய் நட்டைத் தளர்த்துவார்கள். புதுமுறை டீசல் என்ஜினில் அதே குழாய்க்குள் 1,600 பார் வரை அழுத்தம் இருக்கிறது. காரின் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல், ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகும். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கையையே இழக்க நேரிடலாம்.

மூன்றாவது ஏர்பேக். இது வெடிமருந்தால் விரியும் பை. ஸ்டீயரிங் நடுவைக் கழற்றுவதும், மஞ்சள் நிற இணைப்புகளை மீட்டர் வைத்துச் சோதிப்பதும் விளையாட்டல்ல.

நான்காவது ஜாக்கி. டிக்கியில் கொடுக்கப்பட்ட ஜாக்கி, டயர் மாற்ற மட்டுமே. அதை நம்பிக் காருக்கு அடியில் படுக்கக்கூடாது. கனமான இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகே தலையை நீட்ட வேண்டும். காற்றுப் பை சஸ்பென்ஷன் உள்ள காரில் இரட்டைக் கவனம் தேவை. காற்று இறங்கினால் சொல்லாமல் கொள்ளாமல் கார் கீழே உட்கார்ந்துவிடும்.

காற்றுப் பை கசிகிறதா என்று பார்க்க அடியில் போக வேண்டியதும் இல்லை. ராத்திரி நேராக நின்ற கார் காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கம் கசிவு. அதை உடனே கவனிக்காவிட்டால், காற்று அடித்து அடித்தே கம்ப்ரஸரும் எரிந்துபோகும். ஒரு செலவு இரண்டு செலவாகும்.

புதுப்பேட்டையில் வாங்கலாமா?

எழும்பூரை அடுத்த புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் வாங்காத கார்க்காரர் சென்னையில் குறைவு. கண்ணாடி, கைப்பிடி, பம்பர், விளக்குக் கூடு, சீட் போன்றவற்றைத் தாராளமாகப் பார்த்து வாங்கலாம்.

பென்ஸ் சாமானில் ஒரு வசதி உண்டு. 'ஏ' என்ற ஆங்கில எழுத்துக்குப் பிறகு பத்து இலக்க நம்பர் இருக்கும். பெரும்பாலும் முதல் மூன்று இலக்கம் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லிவிடும். 211 என்று தொடங்கினால் 211 காருக்கு. பழைய சாமானின் நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால், "எல்லாம் ஒன்றுதான் சார், மாட்டிக்கலாம்" என்ற பேச்சுக்கு ஏமாற வேண்டாம்.

ஆனால் பிரேக் சாமான், ஏர்பேக், சீட் பெல்ட் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. சாவி போடும் பூட்டு, என்ஜின் கம்ப்யூட்டர் ஆகியவை அந்தந்தக் காரோடு ரகசிய எண்ணால் கட்டப்பட்டவை. வேறு காரில் இருந்து கழற்றி மாட்டினால் கார் ஸ்டார்ட்டே ஆகாது. எதை வாங்கினாலும் பில் கேட்டு வாங்குவது உத்தமம். திருட்டுக் காரின் சாமானாக இருந்தால் போலீஸ் நிலையத்துக்கு அலைய வேண்டியவர் வாங்கியவர்தான்!

அலங்காரமா, ஆபத்தா?

பழுது பார்த்து முடிந்ததும் அடுத்த ஆசை, காரை அழகுபடுத்துவது. ஜி.பி. ரோட்டுக் கடைகளில் இல்லாத அலங்காரம் இல்லை. அங்கேயும் யோசித்துத்தான் பர்சைத் திறக்க வேண்டும்.

சாதாரண ஹாலஜன் விளக்குக்காகச் செய்யப்பட்ட கூட்டில், கண்ணைப் பறிக்கும் வெள்ளை பல்பைப் போட்டால் வெளிச்சம் ரோட்டில் விழாது. எதிரே வருகிறவர் கண்ணில் விழும். ராத்திரி நேரத்தில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரர் ஒரு நிமிஷம் குருடாகிவிடுவார். தவிர, பல்பு எடுக்கும் மின்சாரத்தைப் பென்ஸ் அளந்துகொண்டே இருக்கும். குறைந்தால் "பல்பு போச்சு" என்று டாஷ்போர்டில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பெரிய அலாய் வீல் போடுகிறவர்கள் போல்ட் நீளத்தைப் பார்க்க வேண்டும். பென்சில் நட்டு இல்லை, போல்ட்தான். நீளம் கூடினால் பின்சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் பார்க்கிங் பிரேக்கில் இடிக்கும். நீளம் குறைந்தால் பிடிமானம் போதாமல் சக்கரமே கழன்றுவிடும்.

புது டச் ஸ்கிரீன் மாட்டுகிறவர்கள் ஒயரை வெட்டுவதற்கு முன் நிதானிக்க வேண்டும். 211 காரில் பாட்டுக் கருவிகள் கண்ணாடி இழைபோன்ற ஒளிக் கேபிளால் வட்டமாக இணைக்கப்பட்டவை. ஒன்றைக் கழற்றினால் வட்டம் அறுந்து எல்லாமே ஊமையாகிவிடும். செம்புக் கம்பிபோல முறுக்கி டேப் சுற்ற முடியாது.

பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள சீட்டுக்கு, இறுக்கமாகத் தைத்த சீட் கவர் போட்டால் விபத்து நேரத்தில் பை வெளியே வராது. அழகான கவர், உயிருக்கு எமன்!

கறுப்பு பிலிம் ஒட்டுவதற்கு எதிராகச் சுப்ரீம் கோர்ட்டு 2012-ல் உத்தரவு போட்டது. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் புக வேண்டும் என்பது விதி. அனுமதி இல்லாமல் காரின் அமைப்பை மாற்றினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் உண்டு. பதினைந்து வருஷம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும்போது, இந்த அலங்காரங்கள் எல்லாம் கழுத்தைப் பிடிக்கும்.

வெள்ளத்தில் சாவியைத் திருப்பாதே

சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பரும், 2023 டிசம்பர் மிச்சாங் புயலும் மறக்காது. 2024 அக்டோபரில் கனமழை என்று அறிவிப்பு வந்த உடனேயே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். பட்டறிவு!

தண்ணீரில் மூழ்கிய காரைக் கொல்வது பெரும்பாலும் வெள்ளம் அல்ல. தண்ணீர் வடிந்ததும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பும் கைதான்! என்ஜினுக்குள் காற்று போனால் அமுங்கும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் மோதியதும் அதைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். அதோடு என்ஜின் முடிந்தது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, லாரியில் ஏற்றி ஒர்க்ஷாப்புக்கு அனுப்புவதே சரி. தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால், சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கஷ்டம். என்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு பாலிசியில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை மழைக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய பென்ஸ் பார்க்கப் போகிறவர்கள் காலடிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கவும், முகர்ந்து பார்க்கவும் கூச்சப்படக்கூடாது. பல சொகுசுக் கார்களில் ஒயர்களும் கண்ட்ரோல் யூனிட்டும் அதற்கு அடியில்தான் இருக்கின்றன. சீட் போல்ட்டில் துருவும், கம்பளத்தில் பூஞ்சை வாடையும் இருந்தால், அது வெள்ளத்தில் குளித்த கார். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரே வேலைதான் உடனடி வேலை. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் ஒரு நாள் பானெட்டைத் திறந்து, அந்தப் பள்ளத்தில் கிடக்கும் இலையை அள்ளிப் போட வேண்டும். அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம்!